பனையடி மாரிக்குக் கொடுத்த தாடை

இந்த இடம் காலியா தாயி? உக்காந்துக்கிடட்டுமா? பையை மேல வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல. உடையற சாமான்.

மணி என்னாச்சு? பன்னிரண்டேகாலா? கண்டக்டர் தம்பி, மதுரை எத்தனை மணிக்குப் போகும்? பாரு, சிரிச்சுக்கிட்டே போறார். "இப்பத்தானம்மா சாத்தூர்ல ஏறியிருக்கீங்க, முதல்ல சீட்டைச் சூடு பண்ணுங்க"ங்கறார். நமக்கு இருக்கற அவசரம் அவருக்கு எங்க தெரியும்.

ரெண்டு மணிக்கு நான் பல் ஆஸ்பத்திரியில இருக்கணும் தாயி. மாசத்துல ஒரு புதன்கிழமைதான் டாக்டருங்க எல்லாரும் ஒண்ணா உக்காருவாங்களாம். கம்பி கட்டுற டாக்டர், தாடையை அறுத்து வைக்கிற டாக்டர், மயக்க ஊசி போடுறவங்க, எல்லாரும். அவங்க கூடிப் பேசித்தான் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பாங்க. இன்னைக்குக் குறிச்சாத்தான் இந்த லீவுக்குள்ள முடியும். விட்டா அடுத்த மாசம், அதுக்குள்ள பள்ளிக்கூடம் திறந்துரும். அப்புறம் அடுத்த வருஷம் மே மாசம்தான்.

எனக்கு இல்லம்மா. எனக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். என் மகளுக்கு. ஜெயசுதான்னு பேரு. மூணாங்கிளாஸ் டீச்சர். காலையிலேயே அவ அப்பாவோட மதுரைக்குப் போயாச்சு. நான்தான் பின்னாடி போறேன், இந்தச் சாமானை எடுத்துக்கிட்டு.

இல்ல, இதுக்கு முன்னாடி ரெண்டு பஸ் வந்துச்சுதான். எங்கயும் நிக்காம நேரா மதுரைதான் ரெண்டும். ஒண்ணுல ஒரே கூட்டம். இன்னொண்ணுல உக்கார இடம் இருந்துச்சு, ஆனா வெயில் பக்கம். சாமான்ல வெயில் படக் கூடாதுல்ல? அதான் நின்னு நிதானமா இதுல ஏறினேன்.

என்ன சாமானா? காட்டுறேன், பயந்துரக் கூடாது. இங்க பாரு.

பல்லுதான். சிரிக்காத தாயி. மேல் வரிசை ஒண்ணு, கீழ் வரிசை ஒண்ணு. வெள்ளை மாவுல செஞ்ச அச்சு. நிசப் பல்லு இல்ல, ஆனா நிசப் பல்லு மாதிரியே. வாயில ஒரு கரண்டி நிறைய பச்சை மாவைக் குழைச்சு வச்சு அமுக்குவாங்க. பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி கொட்டும். அது இறுகினதும் எடுத்து, அதுக்குள்ள வெள்ளை மாவை ஊத்தி, மறுநாள் குடுப்பாங்க. இந்தா, இப்படி ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பாரு. நம்மளுக்கெல்லாம் மேல் பல்லு வெளிய, கீழ்ப் பல்லு உள்ள இருக்கும்ல? இதுல கீழ்ப் பல்லு வெளிய நிக்குது பாத்தியா? அதான் அவளுக்குக் கோளாறுங்கறாங்க.

மஞ்சளா? அதைத்தான் நானும் பஸ் ஸ்டாண்டுல நின்னு துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன். மாவு உறிஞ்சிருச்சு, போக மாட்டேங்குது. இந்தக் குங்குமப் பொட்டைக்கூட எச்சில் தொட்டுத் துடைச்சேன், பரவிப்போய் ஈறு மாதிரி ஆயிருச்சு. டாக்டருங்க என்ன நினைப்பாங்களோ தெரியல. மாரியாத்தா, எப்படியாவது எம் மானத்தைக் காப்பாத்து.

சொல்றேன். மதுரை வரைக்கும் நேரம் இருக்குல்ல.

அவ முகத்துல ஒரு குறையும் கிடையாது தாயி. எல்லாரும் என்னை உரிச்சு வச்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க. கல்யாண வீட்டுல போய் உக்காந்தா, "இது செண்பகவடிவு மகதானே"ன்னு முன்னப்பின்னத் தெரியாதவங்க கேப்பாங்க. கொஞ்சம் நாடி, இந்த மோவாய், முன்னால இருக்கும், அவ்வளவுதான். நாடி முன்னால இருந்தா வைராக்கியம்னு எங்க அய்யா சொல்லுவார். அந்த முகத்தைக் கத்தி வச்சு அறுத்து மாத்தணும்னா பெத்தவளுக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு.

ஆனா அவ, "முகத்துக்கு இல்லம்மா, மெல்லுறதுக்கு"ங்கறா. கடைவாய்ப் பல்லு சரியா உக்கார மாட்டேங்குது, மென்னா வலிக்குது, காதுக்கு முன்னால வலிக்குது, தலை வலிக்குதுங்கறா. தலைவலி யாருக்குத்தான் இல்ல? எனக்கு இருபத்தஞ்சு வருஷமா வெள்ளிக்கு வெள்ளி வருது. விரதம் இருக்கறதால வருது. சில வாரம் வியாழன்லேயே வந்துரும், அம்மன் முன்கூட்டியே சோதிக்கறான்னு எடுத்துக்கிடுவேன். நெத்தியில ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டுச் சமையலைப் பாப்பேன். நான் ஆஸ்பத்திரிக்கா போனேன்?

மெல்ல முடியலன்னா ஒரு வழி பண்ணிக்கிடணும். எங்க வீட்டுக்காரர் கோவில்பட்டியில கடலைமிட்டாய்க் கம்பெனியில பாகு காய்ச்சறவர். முப்பத்தொரு வருஷமா வீட்டுல கடலைமிட்டாய்க்குக் குறைவில்ல. நான் ஒருநாள் கடிச்சதில்ல தாயி. அம்மியில வச்சு ரெண்டு தட்டு, பொடியாக்கி வாயில போட்டு ஊற வச்சுருவேன். முறுக்கா, காப்பியில நனைச்சுக்கிடுவேன். ஆப்பிளா, சீவிக்கிடுவேன். கறியை நல்லாக் குழைய விட்டுருவேன். யாரையாவது தொந்தரவு பண்ணினேனா? பொம்பளைன்னா அப்படி அனுசரிச்சு இருக்கணும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதையும் தாங்க முடியல.

இது எந்த ஊரு? ஆர்.ஆர். நகரா? இங்கயும் நிப்பாட்டணுமா? ஏன் தம்பி, ஒருத்தர் இறங்க இத்தனை நேரமா?

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். ரெண்டு வருஷம் இருக்கும். கிளாஸ்ல பாடம் நடத்திக்கிட்டிருந்தவ ஒரு கொட்டாவி விட்டிருக்கா, திறந்த வாய் திறந்தபடியே நின்னுபோச்சு. மூட வரல. பிள்ளைங்க எல்லாம், டீச்சர் சிங்கம் மாதிரி செஞ்சு காட்டுறாங்கன்னு நினைச்சு அதுகளும் வாயைத் திறந்து உறுமிச்சுதாம். இவளுக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. அப்புறம்தான் ஒரு பொம்பளப் பிள்ளை பயந்துபோய் அழுதுக்கிட்டே ஓடி ஹெட்மாஸ்டரைக் கூட்டிட்டு வந்திருக்கு. ஆட்டோவில ஏத்தி, பல் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நான் செய்தி கேட்டு ஓடினேன். கையில திருநீறு இருந்துச்சு, பூசினேன். பூசின மறுநிமிஷம் வாய் மூடிருச்சு. டாக்டரம்மா ரெண்டு கட்டை விரலையும் உள்ள விட்டு அமுக்கிக்கிட்டிருந்தாங்கதான், இல்லங்கல. ஆனா பூசின மறுநிமிஷம்.

அந்த டாக்டரம்மாதான் இந்த அச்சை எடுத்தாங்க. ஒரு மெழுகுத் தகட்டைக் கடிக்கச் சொன்னாங்க, படம் எடுத்தாங்க, எல்லாம் பாத்துட்டு, "இது பல்லுல உள்ள கோளாறு இல்லம்மா, தாடையில உள்ளது. கொஞ்ச காலம் கம்பி போட்டுட்டு, அப்புறம் ஆபரேஷன் பண்ணணும். மதுரைக்குப் போங்க"ன்னாங்க. சின்ன வயசு அந்தம்மாவுக்கு. இவங்களுக்கு என்ன தெரியும்னு நினைச்சுக்கிட்டேன். சரி, வயசானவர்கிட்டக் கேப்போம்னு சுதாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனேன். போறதுக்கு முன்னாடி பனையடி மாரிகிட்ட வேண்டிக்கிட்டேன், "தாயே, இவராவது வேண்டாம்னு சொல்லணும்"னு. அவரும் அதையேதான் சொன்னார். அப்புறம் விருதுநகர்ல ஒருத்தர். அவருக்கும் வேண்டிக்கிட்டுத்தான் போனேன். அவரும் அச்சைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அதையே சொன்னார்.

மூணு பேரு, மூணு ஊரு, ஒரே பேச்சு. அதெப்படி தாயி? ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசிக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்? சுதாகிட்டச் சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டா.

விருதுநகர் டாக்டர் ஒரு மாதிரி ஆளு. சுதாவைப் பாத்து முடிச்சதும், "நீங்களும் அந்த நாற்காலியில உக்காருங்கம்மா, வாயைக் கொஞ்சம் பாக்கறேன்"ன்னார். எனக்குக் கோவம் வந்துருச்சு. நான் கோவப்படறவ இல்ல. ஆனாலும் பாரேன், ஒருத்தியைக் காட்ட வந்தா ரெண்டு பேருக்கும் வைத்தியம் பாக்கப் பாக்கறாரேன்னு. "எனக்கு ஒண்ணும் இல்லைங்க"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

கடைசியில அவ அவபாட்டுக்கு மதுரைக்குப் போய்க் கம்பி போட்டுக்கிட்டா. மாசாமாசம் போவா. ஒண்ணரை வருஷம் ஆச்சு. கம்பி போட்டா அதுலேயே சரியாயிரும்னு நான் நம்பிக்கிட்டிருந்தேன். ரெண்டு மாசம் முந்தி வந்து, "அம்மா, பல்லெல்லாம் தயாராயிருச்சாம், இனி ஆபரேஷன்தான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. சிரிச்சுக்கிட்டே! எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. மறு செவ்வாய்க்கிழமை பனையடிக்குப் போனேன்.

தெரியாதா உனக்கு? சாத்தூர்ல இருந்து மினிபஸ்ல உள்ள போகணும். சின்னக் கோயில், பூசாரியும் காணிக்கைக் கடைக்காரரும் ஒரே ஆள்தான். சங்கிலின்னு பேரு. கண்ணு வலின்னா வெள்ளியில கண்மலர் இருக்கும். கால் வலிக்குக் கால், வயித்து வலிக்கு வயிறு, அப்படித் தகடு தகடா ஒரு தட்டுல வச்சிருப்பார். நாம ஒண்ணை எடுத்து, வலிக்கிற இடத்தை மூணு சுத்துச் சுத்தி, அம்மன் காலடியில போட்டுறணும். பூசாரி மறுபடி எடுத்துத் தட்டுல வைப்பார், அடுத்தவங்க எடுப்பாங்க. எத்தனை பேரு வலியைச் சுமந்த தகடோ ஒவ்வொண்ணும்.

தாடை இருக்கான்னு கேட்டேன். "தாடைன்னு தனியா வராதும்மா. முகம் இருக்கு, வாய் இருக்கு, நாக்குகூட இருக்கு"ன்னார். எனக்கு மனசு ஒப்பல. முகத்தைப் போட்டா அம்மன் முகத்துக்குன்னு எடுத்துக்கிடுவா. வாயைப் போட்டா வாய்ப்புண்ணுன்னு நினைப்பா. எத்தனை பேரு வேண்டுதலை ஒத்தை ஆளாப் பாக்கறா, அவளைக் குழப்பலாமா? அப்பத்தான் தோணுச்சு. வீட்டு பீரோவுல அச்சு இருக்கே! தகட்டைவிட இது எவ்வளவு தெளிவு. அவ தாடையேதானே, அளவு பிசகாம. அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்துட்டுப் போய், மஞ்சத்தண்ணி தெளிச்சு, "ஆபரேஷன் இல்லாம இதைச் சரியாக்கு தாயே"ன்னு காலடியில வச்சுட்டு வந்துட்டேன். சங்கிலிக்கே ஆச்சரியம். "இந்த மாதிரி இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல"ன்னார்.

சுதாகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? பழைய அச்சு, பீரோவுல சும்மாதானே கிடந்துச்சு.

நேத்து சாயங்காலம் பீரோவைக் குடையறா. "அம்மா, என் அச்சு எங்க? நாளைக்குக் கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. கம்பி போடுறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சு, இப்ப எவ்வளவு நகர்ந்திருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் எவ்வளவு அறுக்கணும்னு முடிவு பண்ணுவாங்களாம்." பொய் சொல்லிப் பழக்கமில்ல தாயி எனக்கு. "கோயில்ல இருக்கு"ன்னேன்.

"எந்தக் கோயில்ல?"

"பனையடியில."

"அங்க அதுக்கு என்ன வேலை?"

சொன்னேன். அவ கத்துவான்னு பாத்தேன். கத்தல. கட்டில்ல உக்காந்தா. அப்புறம், "நான் சரியாகணும்னு வேண்டினியா, ஆபரேஷன் நடக்கக் கூடாதுன்னு வேண்டினியா?"ன்னு கேட்டா. ரெண்டும் ஒண்ணுதானே தாயி? அதைத்தான் நானும் சொன்னேன். எந்திரிச்சுப் போய்ட்டா. எங்க வீட்டுக்காரர்தான், "காலையில முதல் பஸ்ஸுக்குப் போய் எடுத்துட்டு நேரா மதுரைக்கு வந்துரு"ன்னார்.

விருதுநகரா? அதுக்குள்ள வந்தாச்சா? பத்து நிமிஷம் நிக்குமா? பத்து நிமிஷமா! நல்லாயிருக்கு போ.

காலையில போனேன். முதல் பஸ்ஸுக்குப் போக முடியல, வீட்டுல விளக்கேத்திட்டுத்தானே கிளம்ப முடியும். மூணாவது பஸ்ஸுக்குப் போனேன். கோயில் வாசல்ல பாத்தா ஒரு வரிசை நிக்குது. எட்டொன்பது பேரு. என்னடா இது, ஆடிமாசம்கூட இல்லையேன்னு எட்டிப் பாக்கறேன். ஒவ்வொருத்தரும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. முன்னால ஒரு லாரி டிரைவர். கையில என்ன வச்சிருக்கார்னு நினைக்கற? என் மகள் தாடை! அதை அவர் முகத்தைச் சுத்தி இப்படி, இப்படி, மூணு தடவை சுத்தி, கண்ணுல ஒத்திக்கிட்டுப் போட்டுட்டுப் போறார்.

ஆமா தாயி! சங்கிலி அதைத் தட்டுல வச்சு, பக்கத்துல ஒரு அட்டையில "பல், தாடை"ன்னு எழுதியும் வச்சிருக்கார். சுத்துப்பட்டிக்கெல்லாம் தெரிஞ்சு வர்றாங்களாம்.

நான் நேரா உள்ள போனேன். "அண்ணாச்சி, அது எங்க வீட்டுது, திருப்பி வேணும்."

வரிசையில கன்னம் வீங்கின ஒரு பொம்பளை, "யாத்தே, வரிசையில வா! நாங்க விடிகாலையில இருந்து நிக்கோம்"ங்கறா.

"நான் சுத்த வரலம்மா. அது எம் மகளோட பல்லு."

"உம் மகளுக்குச் சுகமாயிருச்சுன்னா எங்க பல்லெல்லாம் நாசமாப் போகணுமாக்கும்?"

எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்க முடியாம கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க.

சங்கிலி என்னை ஏற இறங்கப் பாத்தார். "மகளோடதா? இது உன்னோடதுல்லம்மா?"ங்கறார்.

"என்னோடதா?"

"ஆமா. அன்னைக்கு நீ வந்து வைக்கும்போது உன் முகத்தையும் பாத்தேன், அச்சையும் பாத்தேன். உன்னோடதுன்னுல்ல நினைச்சேன். ஒரு அம்மா வலி தாங்க முடியாம தன் தாடையையே அச்செடுத்து அம்மனுக்குக் குடுத்துட்டுப் போயிருக்குன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அந்தக் கன்னம் வீங்கினவளும் என்னை எட்டிப் பாக்கறா. அச்சைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. "ஆமால்ல"ங்கறா.

என்ன பேச்சு பாத்தியா? எனக்கு வலின்னு நான் யாருகிட்டயாவது சொன்னேனா? ஏன் நீயும் என் முகத்தைப் பாக்கற? இருக்கட்டும், ஒரே சாயல்தான். முதல்லயே சொன்னேன்ல.

குடுத்ததைத் திருப்பி எடுக்கணும்னா அம்மன் உத்தரவு வேணும்னுட்டார் சங்கிலி. பூக்கட்டிப் பாக்கணும். ஒரு பொட்டலத்துல சிவப்பு அரளி, ஒரு பொட்டலத்துல வெள்ளை அரளி. சிவப்பு வந்தா அங்கேயே இருக்கட்டும்னு அர்த்தம். வெள்ளை வந்தா எடுத்துட்டுப் போன்னு அர்த்தம். கண்ணை மூடி ஒண்ணை எடுத்தேன். வெள்ளை. "சரிம்மா, எடுத்துக்கோ"ங்கறார். எனக்கு ஒரு சந்தேகம். நான் எடுக்கும்போது ஒரு பொட்டலம் கையில தட்டுச்சு, அது சரிதானான்னு. "இன்னொரு தடவை பாத்துருவோம் அண்ணாச்சி"ன்னேன். மறுபடியும் வெள்ளை. மூணுன்னாத்தானே கணக்கு? மூணாவதும் எடுத்தேன். வெள்ளை!

மாரியும் அந்த டாக்டருங்களோட போன்ல பேசிட்டாளோ என்னமோ.

வரிசையில நின்னவங்க எல்லாம், "எத்தனை தடவைம்மா கேப்ப? அதான் சொல்லிட்டாள்ல"ன்னு சத்தம் போடுறாங்க. அந்த வீங்கின கன்னத்துக்காரிதான், "நான் ஒரே ஒரு சுத்துச் சுத்திட்டுத் தர்றேன் மதினி"ன்னு வாங்கிச் சுத்திட்டு, அவ முந்தானையாலேயே துடைச்சு எங்கையில குடுத்தா. "நீயும் பாத்துக்க, மதினி"ன்னா. என்னத்தைப் பாத்துக்கன்னு சொன்னாளோ.

அதான் நேரமாயிருச்சு. இல்லன்னா எப்பவோ போயிருப்பேன்.

இரு, போன் அடிக்குது. சுதாதான். பேசட்டுமா? சத்தமாத்தான் பேசணும், இதுல மெல்லப் பேசினா கேக்காது.

ஹலோ. ஆமா, பஸ்ல. ... திருமங்கலம் தாண்டப் போறோம். இல்ல, இன்னும் தாண்டல. ... கிடைச்சுருச்சு, கையில இருக்கு. உடையல. கொஞ்சம் மஞ்சளா இருக்கும், டாக்டர்கிட்டச் சொல்லிரு. ... என்ன சுதா? உம் பேரைக் கூப்பிட்டாச்சா? ... கடைசியா வச்சிருக்காங்களா? மூணு மணிக்கு எல்லாரும் எந்திரிச்சுருவாங்களா? ... நான் எங்க நின்னேன்? பஸ்ஸு வந்தாத்தானே ஏற முடியும். ... சரி. சரி. வர்றேன்.

வச்சுட்டா.

மணி ரெண்டு அஞ்சா. அவ குரல்ல கோவம்கூட இல்ல தாயி. அதான் என்னமோ மாதிரி இருக்கு. கோவப்பட்டா, நாலு வார்த்தை சொல்லிச் சமாதானப்படுத்திருவேன். "பாத்து வாம்மா"ன்னு மட்டும் சொல்றா. பக்கத்து வீட்டு ஆளுகிட்டப் பேசற மாதிரி.

வெள்ளரிப்பிஞ்சா? வேண்டாம் தாயி, நீ சாப்பிடு. சன்னல் வழியா நீட்டி வாங்கினதை எனக்குக் குடுத்துட்டு நீ என்ன பண்ணுவ? சரி, ரொம்பச் சொல்ற, ஒரு துண்டு குடு. உப்பு வேண்டாம். இப்படி ஓரமா வச்சுக் கடிச்சா ...

ம்?

என்ன சத்தம்? வெள்ளரிக்காய்ச் சத்தமா?

இல்ல, இது அது இல்ல தாயி. இது வாய் திறக்கும்போது வர்றது. காதுக்குள்ள டக்குன்னு ஒண்ணு கேக்கும்ல, எல்லாருக்கும் கேக்கறதுதான். உனக்கு எப்படிக் கேட்டுச்சு? என் காதுக்குள்ள உள்ளது உனக்கு எப்படிக் கேக்கும்? மறுபடி திறக்கறேன், கேளு. ... கேட்டுச்சா? நிசமாவா? இந்த பஸ் சத்தத்துலயா?

உனக்கு வராதா?

விளையாடாத தாயி. சோறு மெல்லும்போது? கொட்டாவி விடும்போது? பாட்டுப் பாடும்போதாவது? ஒரு தடவைகூடவா? எங்க, உன் வாயைத் திற. இரு, காதைப் பக்கத்துல கொண்டு வர்றேன், வெக்கப்படாத. திற. மூடு. இன்னொரு தடவை.

ஒண்ணுமே கேக்கலையே.

சத்தமே இல்லாம திறக்குது. கதவுக்கு எண்ணெய் போட்ட மாதிரி.

எனக்கு ஐம்பத்தாறு வயசு தாயி. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் கேக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். யாரும் யாருகிட்டயும் சொல்லிக்கிடறதில்ல, அவ்வளவுதான்னு. சுதா ஆறாங்கிளாஸ் படிக்கும்போது, "அம்மா, சாப்பிடும்போது காதுக்குள்ள யாரோ கதவைத் தட்டுறாங்க"ன்னு வந்து நின்னா. "எல்லாருக்கும் அப்படித்தான் பாப்பா, பேசாமச் சாப்பிடு"ன்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல. பதினாறு வருஷம் பேசாமச் சாப்பிட்டிருக்கா. வலிக்குதுன்னு அவ சொல்றப்பல்லாம் நான் இதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன், எல்லாருக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் அப்படித்தான்னு. யாருக்கு? எனக்கும் அவளுக்கும்தான்.

இது ஏன் நிக்குது? டோல்கேட்டா? முன்னால எத்தனை வண்டி நிக்குது?

தம்பி! கண்டக்டர் தம்பி! கதவைத் திறங்க, நான் இறங்கறேன். டிக்கெட் மதுரைக்குத்தான் எடுத்தேன், பரவாயில்ல. அந்தப் பக்கம் ஆட்டோ நிக்குதுல்ல? அதுல போனா மூணுக்குள்ள போயிரலாம்ல? வெயிலா? வெயில் என்ன பண்ணும். தாயி, அந்தப் பையை மட்டும் ஒரு நிமிஷம் பிடி, செருப்பை மாட்டிக்கிடறேன். குடு. நீ நல்லாயிருக்கணும்.

ஹலோ சுதா. நான் டோல்கேட்டுல இறங்கிட்டேன், ஆட்டோவில வர்றேன். டாக்டருங்களை எந்திரிக்க விடாத, கையைப் பிடிச்சாவது நிறுத்தி வை. ... அழல. ஆமா, மூச்சு வாங்குது, நடக்கறேன்ல. ... சுதா, அப்பாவை அனுப்பி எனக்கும் ஒரு ஓ.பி. சீட்டுப் போடச் சொல்லு. எனக்குத்தான். இன்னைக்கு முடிஞ்சிருந்தா நாளைக்குப் போடட்டும், நான் அங்கேயே தங்கிக்கிடறேன். ... வயசு ஐம்பத்தாறு. ... என்ன கோளாறுன்னு எழுதணுமா?

உனக்கு என்ன எழுதியிருக்காங்களோ, அதையே எழுதச் சொல்லு.